தண்ணீரில் எழுந்த மேடு

இது நடந்தது. கள்ளக்குறிச்சியில், பட்டப்பகல் மூன்று மணிக்கு. பேய்க்கு நள்ளிரவு வேண்டும் என்பவர்கள் நம்ப மாட்டார்கள்.

ஜூலியாவும் அவள் கணவன் சின்னப்பனும் ஒரே கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்தார்கள். உடம்பை அரிக்கும் நச்சோடு கல்வராயன் மலைக் கடுக்காய்ச் சாறு மோதும்போது, நடுவில் ஒரு பொருள் பிறந்து, கண் இமைப்பதற்குள் செத்துப்போகும். அதைப் பிடிக்க ஒளிதான் வழி. ஒரு ஊசிக்குழலில் நச்சு, இன்னொன்றில் சாறு; சின்னப்பன் இரண்டையும் ஒன்றாக அழுத்துவான். இரண்டும் கலக்கும். ஊடே ஒளி பாயும். திரையில் கோடு மேடாக எழுந்து விழும். மேடு இருக்கும்வரைதான் அந்தப் பொருளுக்கு உயிர்.

ஜூலியாவுக்கு அவசரக் கை. கோடு தரை தொடுமுன்பே, கருவியைக் கழுவும் பொத்தானை அழுத்திவிடுவாள். சின்னப்பன் கத்துவான்.

"கழுவாத ஜூலி, இன்னும் இருக்குது! துன்னு முடிக்கறதுக்குள்ள தட்ட புடுங்கறவளாச்சே நீ!"

கடுக்காய் வாங்கப் போனவன் வெள்ளிமலை ரோட்டு வளைவில் பைக்கோடு விழுந்தான். அந்த நொடியே உயிர் போய்விட்டது என்றார்கள். அவளுக்கு அது மட்டும் மனதில் ஒட்டவே இல்லை. யாரிடம் கேட்பது?

ஒரு மாதம் கழித்து ஆய்வகத்துக்கு வந்தாள். ஒளி கசியாமல் ஜன்னல்களை மூடினாள். கருவியைச் சரிபார்க்க, வழக்கம்போல் முதலில் இரண்டு குழல்களிலும் வெறும் தண்ணீர். கோடு தட்டையாக ஓட வேண்டும்.

ஓடியது.

டக்.

குழல்கள் அழுந்தும் சத்தம். அவள் கைகள் மடியில் இருந்தன.

கோடு எழுந்தது... கடுக்காயின் மேடு. அதே இடம். அதே உயரம்.

விழவில்லை.

ஒரு நிமிடம்... இரண்டு...

"நீங்களா...?"

கோடு நடுங்கியது. மூச்சு வாங்குவதுபோல் ஏறி, இறங்கியது.

கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்த நொடியேவா? வாய் திறந்தாள். அதற்குள், பல வருடம் பழகிய கை பொத்தானை அழுத்திவிட்டது.

சர்ர்ர்...

தட்டை.

மாலைவரை தண்ணீரையே அழுத்திக்கொண்டிருந்தாள். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது வீட்டு வாசலில் பச்சையம்மாள் நின்றாள். அவர்களுக்குக் கடுக்காய் தரும் மலைக்காரம்மா.

"சாரு உசுரு ஒடனே போவல டீச்சர். நீங்க தாங்கமாட்டீங்கன்னு மறச்சிட்டாங்க. என் மடியிலதான் கெடந்தாரு. நெறைய நேரம்."

"இன்னா சொன்னாரு?"

"மூஞ்செல்லாம் ரத்தம். தண்ணி மொண்டேன். கைய புடிச்சிக்கினாரு. 'கழுவாத ஜூலி... இன்னும் இருக்கேன்'னாரு."

"அப்புறம்?"

பச்சையம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கழுவிட்டேன் டீச்சர்."