சிம் கழற்றிய நேரம்

ஸ்ரீபெரும்புதூர் மொபைல் கடையில்தான் அந்த அம்மாவைப் பார்த்தேன். புடவை மேல் கம்பெனிக் கோட்டு. பழைய போனில் ரிங் சத்தம் கேட்கவில்லை என்று புதிது வாங்க வந்திருந்தார். கடைக்காரர் சிம்மைக் கழற்றியதும் அந்த அம்மாவின் முகம் வெளிறிவிட்டது.

“நம்பர் மாறிடாதுல்ல?”

“நம்பர் சிம்முலதான்கா கீது. போன் மாத்துனா ஒண்ணும் ஆவாது.”

“வூட்ட வுட்டுப் போன பொண்ணுக்கு இந்த நம்பர்தான் தெரியும். இப்போ கூப்ட்டா இன்னா பண்றது?”

புதிய போனில் சிக்னல் வரும்வரை அவர் முந்தானையைக் கசக்கிக்கொண்டே இருந்தார். கடைக்காரர் அந்த எண்ணை என்னிடம் சொல்லி, “ஒரு கால் போட்டுப் பாருங்க சார்” என்றார். போட்டேன். மணி அடித்ததும் பாய்ந்து எடுத்தார்.

“பாப்பா?”

“நான்தாம்மா. பக்கத்துல நிக்கிறேன்.”

அதன் பிறகு மகள் பேசினாளா என்று விசாரிக்க ஆசைதான். எண் என்னிடம் இருக்கிறது. கூப்பிட்டால் மறுபடி அப்படித்தான் எடுப்பாரோ என்று பயமாக இருக்கிறது.