திறந்தே கிடந்த ஃபைல்

ஷோரூமில் அவளை எல்லோரும் ஃபைலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கார் கம்பெனியின் கம்ப்யூட்டர் தினமும் காலையில் எங்கள் கம்ப்யூட்டருக்கு ஃபைல்கள் அனுப்பும். இங்கிருப்பது அவற்றைத் தானே எடுத்துக்கொள்ளும். மனிதக் கை படவே வேண்டாம். ஆனால் ஒவ்வொன்றையும் திறந்து ஒரு பார்வை பார்த்தால்தான் ஃபைலக்காவுக்குப் பொழுது விடிந்த மாதிரி.

"பெத்த புள்ளையக்கூட இப்படிப் பாத்திருக்க மாட்டீங்க," என்று சீண்டுவார் விற்பனைக்காரர்.

"அவன் எங்க சொன்ன இடத்துல இருக்கான்? இதுங்களாவது இருக்குதுங்க."

அன்று ஒரு ஃபைலைத் திறந்த நேரம் பார்த்து மகனின் பள்ளியிலிருந்து போன். காய்ச்சலாம். திரையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். யாராவது திறந்து வைத்திருக்கும் ஃபைலை எங்கள் கம்ப்யூட்டர் தொடாது. சத்தம் காட்டாமல் தாண்டிப் போய்விடும்.

மகனை வீட்டில் படுக்கவைத்துவிட்டு மதியத்துக்கு மேல் திரும்பியவள் அப்போதுதான் திரையில் இருந்ததைப் படித்தாள். பிரேக் குழாயில் பழுது, வெளியே விடக்கூடாது என்று கம்பெனி அனுப்பிய வண்டிகளின் பட்டியல் அது. அன்று டெலிவரிக்கு நின்ற எங்கள் வண்டியும் அதில் ஒன்று. தடை ஏதும் தெரியாததால் எங்கள் கம்ப்யூட்டர் அதை விடலாம் என்று பச்சை காட்டியிருந்தது. கொஞ்சம் முன்புதான் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டே அதில் ஏறிப் போயிருந்தது.

"எங்க போறாங்க?"

"மலைக்கு அந்தப் பக்கம். மாமியார் வீடாம்," என்றார் விற்பனைக்காரர்.

ஷோரூம் போனிலிருந்து அழைத்தாள். "வண்டி சூப்பர்! பத்துக்குப் பத்து போட்டுக்கோங்க," என்று வைத்துவிட்டார் வண்டிக்காரர். வண்டி கொடுத்த கையோடு மார்க் கேட்டு உயிரை வாங்குவது எங்கள் பழக்கம். மறுபடி மறுபடி அழைத்தாள். மணி அடிக்க அடிக்க வெட்டினார்.

மேனேஜர் வந்தார். "தானா போறத நீ ஏம்மா தொட்ட?"

"அப்புறம் திட்டுங்க சார். உங்க செல்போனக் குடுங்க."

புது எண் என்பதாலோ என்னவோ, இந்த முறை வண்டிக்காரரின் மனைவி எடுத்தாள்.

"வண்டிய நிறுத்தச் சொல்லுங்கம்மா! பிரேக் போயிடும்!"

"என்னங்க, நிறுத்தச் சொல்றாங்க..."

"இறக்கத்துல இருக்கேன்டி. இரு." பிறகு அவர் குரல் வேறாகியிருந்தது. "மிதிச்சா உள்ள போகுது. நிக்க மாட்டேங்குது!"

"கியரக் குறைக்கச் சொல்லுங்க! கை பிரேக்க மெதுவா இழுக்கச் சொல்லுங்க! மெதுவா!" கத்திக் கத்தி அவள் குரல் உடைந்தது. குழந்தையின் வீறல். ஏதோ மோதும் ஓசை. அப்புறம் ஒன்றுமில்லை.

"அம்மா... யாராவது பேசுங்கம்மா..." ஃபைலக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"மண்மேட்டுல இடிச்சு நின்னுடுச்சு," என்றாள் மனைவி. "அவருக்கு நெத்தியில ரத்தம். பேசறாரு."

"குழந்தை?"

"அழுதுக்கிட்டே இருக்கான்."

"அழட்டும்மா. நல்லா அழட்டும். எல்லாரும் இறங்கித் தள்ளி நில்லுங்க."

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு வேனை எடுத்தார் எங்கள் மெக்கானிக். ஃபைலக்கா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கு? கம்பெனித் தப்புன்னு நான் பேசிக்கறேன்," என்றார் மேனேஜர்.

"கம்பெனி காலையிலயே சொல்லிடுச்சு சார். திறந்து போட்டுட்டுப் போனது நான். அந்தம்மா மூஞ்சியப் பாத்து நானே சொல்லணும்."

கதவைச் சாத்த அவளுக்குக் கை வரவில்லை. மெக்கானிக்தான் எட்டிச் சாத்தினார்.