பொய் சொல்லாத பெரியம்மா

நகரப் பேருந்து ஓட்டுகிறாள் என்பதால் தெரு அவளுக்கு வைத்த பெயர் ஸ்டியரிங். இருபத்திரண்டு வருட ஓட்டத்தில் வண்டிக்கு ஒரு கீறல் கிடையாது. அவள் பிரேக் அடித்தால் நிற்பவர் கையிலிருக்கும் காபிகூடத் தளும்பாது என்று கண்டக்டர்கள் அளப்பார்கள். அதில் முக்கால்வாசி உண்மை. அவளுக்கு வாய்தான் கொஞ்சம் நீளம்.

அன்று அவளுடைய கொழுந்தன் வீட்டில் ஒரு பொய் தயாராகிக்கொண்டிருந்தது. கொழுந்தன் மனைவி முந்தின நாள் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாள். நாலு வயது மகள் அடுத்த அறையில் மரக்கட்டைகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள்.

“அம்மா வெளியூருக்கு வேலைக்குப் போயிருக்கான்னு சொல்லிடலாம். பச்சப்புள்ள, தாங்காது” என்றாள் மூத்த நாத்தனார். கொழுந்தன் முகத்தை மூடிக்கொண்டு தலையாட்டினான்.

ஸ்டியரிங்குக்குச் சுருக்கென்றது. அவளுடைய அம்மாவும் அவளுக்கு நாலு வயதில்தான் இறந்துபோனாள். “பஸ்ல போயிருக்கா, வந்துடுவா” என்றார் அப்பா. நல்ல மனுஷர், அழுகிற பிள்ளையைச் சமாளிக்க வேறு வழி தெரியவில்லை. பிள்ளை அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு நிறுத்தத்தில் போய் நின்றது. ஒன்றரை வருடம், இறங்கும் பெண்களின் முகத்தையெல்லாம் அண்ணாந்து பார்த்தது. அம்மாவின் முகமே மறந்துபோன பிறகும் பார்த்தது. கடைசியில் பள்ளிக்கூடத்தில் ஒரு வாயாடி போட்டு உடைத்தாள். அப்போது சேர்ந்து அழ ஆளில்லை. மற்றவர்கள் எல்லாரும் அழுது முடித்திருந்தார்கள். அந்தப் புண் நாற்பத்தாறு வயதிலும் ஆறவில்லை. அந்தக் கோபத்தில்தானோ என்னவோ, பஸ்ஸையே ஓட்டக் கிளம்பிவிட்டாள்.

“நான் உண்மையச் சொல்றேன்” என்று எழுந்தாள்.

“நீ சும்மா இரு. உனக்கு எல்லாத்துலயும் அவசரம்” என்றாள் நாத்தனார்.

“பொய்யக் கேட்டு வளந்தவ நான், அண்ணி. அதோட வலி எனக்குத் தெரியும்.” கொழுந்தனிடம் திரும்பினாள். “தம்பி, உன் பொண்ணு. நீ வேணாம்னா வாயத் திறக்கமாட்டேன்.”

அவன் முகத்திலிருந்து கையை எடுத்தான். “எனக்குச் சொல்லத் தெரியல அண்ணி. நீங்களே சொல்லுங்க.”

“சொல்றேன். நீயும் பக்கத்துல உக்காரு.”

தரையில் குழந்தைக்கு எதிரே உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கவில்லை. “கண்ணு, அம்மா செத்துப்போயிட்டாங்க. உடம்பு ரொம்ப முடியாம போச்சு. டாக்டருங்களாலயும் காப்பாத்த முடியல. இனிமே வரமாட்டாங்க.”

“நாளைக்கு?”

“நாளைக்கும் வரமாட்டாங்க.”

பெரிய பெரிய ஆம்பளைகள் சொல்லப் பயந்த அந்த வார்த்தையை அவள் தடுமாறாமல் சொன்னாள். குழந்தை வீடே அதிர அழுது அப்பாவின் மடியில் விழுந்தது. அவனும் அப்போதுதான் வாய்விட்டு அழுதான். “பாத்தியா, பாத்தியா” என்று கத்திக்கொண்டு வந்த நாத்தனாரும் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஸ்டியரிங்கும் வெட்கப்படாமல் அழுதாள்.

குழந்தை விசும்பலை நிறுத்தி அவளைப் பார்த்தது. “நீங்க ஏன் பெரியம்மா அழறீங்க?”

“எங்க அம்மாவும் செத்துட்டாங்க கண்ணு. நான் உன்னை மாதிரி இருந்தப்போ.”

“உங்களுக்கு யாரு சொன்னாங்க?”

“வீட்டுல யாருமே சொல்லல. அதான் உனக்கு நான் சொன்னேன்.”