நூல்கட்டையின் ஒட்டியாணம்

தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கிற ஈயத்தாளை நகத்தால் நீவினால், காய்ந்த வாழைச் சருகை மிதித்தது போல ஒரு சத்தம் வரும். கூடவே தேயிலைத் தூளின் வாசமும் லேசாக எழும். அந்தச் சத்தத்தை எங்கே கேட்டாலும் சித்தியின் சிவப்பு நூல்கட்டைதான் எனக்கு ஞாபகம் வரும்.

வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், வரிசையாக ஒட்டிக் கட்டிய மேட்டு லயத்தின் கடைசி அறையில், கடைசிக் "காம்பரா"வில் நாங்கள் இருந்தோம். அம்மாவின் தங்கையான சித்தியும் எங்களோடுதான். கொழுந்து பறிக்கும்போது வழுக்கி விழுந்து அவளுக்குக் கால் முறிந்து, அது கோணலாகவே கூடிக்கொண்டதால், ஏற்றம் ஏற முடியாது. "மலை ஏறாத காலுக்குத் தோட்டத்துல என்ன வேலை?" என்று பெரியவர்கள் பேச ஆரம்பித்தார்கள். கடல் தாண்டித் திருச்சிப் பக்கம், சித்தி முகம்கூடப் பார்த்திராத ஒரு சொந்தக்காரரிடம் அவளைக் கப்பலேற்றி அனுப்பிவிடலாம் என்று அப்பா சொன்னபோது, இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த அவள் அழவில்லை. "ஒரே ஒரு வேலை குடுத்துப் பாருங்க மச்சான். பொழைக்கத் தெரியலன்னா நானே போயிடுறேன்" என்றாள்.

மாசி மாதம் காமன் கூத்து வந்தது, வேலையும் வந்தது. ரதிக்கு ரவிக்கை தைக்க வேண்டும். தலவாக்கலைத் துணிக்கடை நானா, தன் வீட்டில் சும்மா கிடந்த கைமெஷினை இரவலாகத் தந்தார். ரதி வேஷம் கட்டுவது கருப்பையா, "பெக்டரி"யில் தேயிலைப் பெட்டி அடிக்கிறவர், முறுக்கு மீசைக்காரர். அவருக்கு அளவெடுத்தபோது லயத்துப் பெண்கள் வாய்க்கு ஓய்வே கொடுக்கவில்லை. "ரதிக்கு நெஞ்சு அகலம் ஜாஸ்தி, துணி பத்துமாடி?" "மீசைக்கும் சேத்து ஒரு ரவிக்கை தைச்சுடு!"

கூத்துக்கு முதல் நாள்தான் அந்த வினை நடந்தது. கவிழ்த்துப்போட்ட தேயிலைப் பெட்டிதான் சித்திக்கு மேசை. எங்கள் காம்பராத் தரையோ வாசல் பக்கம் சரிவு. கத்தரிக்கோலை எடுக்க அவள் திரும்பிய நேரத்தில் சிவப்பு நூல்கட்டை உருண்டு விழுந்து, முன்திண்ணையான "இஸ்தோப்பை"த் தாண்டி, நூலை நெடுக விட்டுக்கொண்டே போய், தண்ணீர் வடியும் சேற்றுக் கானில் இறங்கிவிட்டது. நானா கடையில் அந்தச் சிவப்பில் அதுதான் கடைசிக் கட்டை. பக்கத்துக் காம்பரா பாக்கியம் அக்கா, அப்பா காதில் விழும்படியாகவே சொன்னாள்: "நூலையே புடிச்சு வைக்கத் தெரியல. இவ எங்க பொழப்பப் புடிச்சு வைக்கப் போறா!"

வாய் அப்படி; கை வேறு. நூலை அலசிச் சிக்கெடுக்க முதலில் குந்தியவளும் பாக்கியம் அக்காதான். ஆனால் எவ்வளவு இறுக்கிச் சுற்றினாலும் கையை எடுத்ததும் நூல் பொலபொலவென்று பிரிந்தது. அந்தச் சமயம், ரதியின் நகைகளுக்காகப் பெக்டரி அதிகாரியான டீமேக்கரிடம் கேட்டு வாங்கிய கிழிசல் ஈயத்தாளோடு கருப்பையா வந்தார். கூத்துக்காரர்களுக்குத் தங்கமும் அதுதான், வெள்ளியும் அதுதான். ஒட்டியாணம் வெட்டிக்கொண்டிருந்தவர் நாங்கள் படும் பாட்டைப் பார்த்தார். ஒரு துண்டு கிழித்து, நாலைந்து மடிப்பாக மடித்து, நூல்கட்டையின் இடுப்பில், வாய் திறந்த வளையமாக வளைத்து மாட்டி, நூல் நுனியை அதற்கடியில் செருகினார்.

"ரதிக்குப் பெரிசு, இதுக்குச் சிறுசு. இனிமே ஓடாது புள்ள."

சித்தி அதைக் குலுக்கிப் பார்த்தாள். வேண்டுமென்றே தரையில் உருட்டியும் விட்டாள். கட்டை உருண்டது, நூல் ஓர் இழை பிரியவில்லை.

"தைக்கிறப்ப?"

"கழட்டிருங்க. வேலை முடிஞ்சா பூட்டிருங்க. நகைன்னா அப்படித்தானே?"

கால் முறிந்த பிறகு சித்தி வாய்விட்டுச் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

பொழுது சாயுமுன் ரவிக்கை முடிந்தது. கூத்தில், எரிந்துபோன மன்மதனை நினைத்து ரதி புலம்ப, எங்கள் பெண்களோ கண்ணைத் துடைத்த கையோடு ரதி போட்டிருந்த ரவிக்கையின் தையலைத் தடவிப் பார்த்தார்கள். மறுநாள் துணியோடு முதலில் வந்து நின்றது யார் என்கிறீர்கள்? பாக்கியம் அக்கா! அப்பா அதற்குப் பிறகு கப்பல் பேச்சை எடுக்கவே இல்லை. சித்திரையில் கருப்பையா வீட்டார் தாம்பூலத் தட்டோடு வந்தார்கள். "ரதிக்கு ரவிக்கை தைக்கப் போனவ ரதியையே கட்டிக்கிட்டா" என்று லயமே சிரித்தது.

இன்று தேயிலை, தடித்த காகிதப் பைகளில் போகிறது. பலகைப் பெட்டியும் இல்லை, ஈயத்தாளும் இல்லை. மரக்கட்டைக்குப் பதில் பிளாஸ்டிக் கட்டை. நூல் நுனியைச் செருக அதிலேயே ஒரு கீறல் இருக்கிறது. ஆனால் காமன் கூத்து இருக்கிறது. போன மாசியில் ரதி வேஷக்காரப் பையன், சித்தி மகளிடம் அளவு கொடுக்க வந்திருந்தான். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். நுனியைக் கீறலில் செருகினாள். அப்புறமும் விடாமல், அந்த ஈயத்தாள் ஒட்டியாணத்தைப் பூட்டும்போது தன் அம்மா செய்ததைப் போலவே, கட்டையின் இடுப்பை இரண்டு விரலால் ஒருமுறை அழுத்திவிட்டுத்தான் கீழே வைத்தாள்.