கொப்புளித்துக் கொடுத்த எச்சில்

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. நடவுப் பெண்கள் பதினோரு பேரின் எச்சிலை எடுத்து, அதில் கார்டிசோல் என்கிற மனஅழுத்த ஹார்மோன் எவ்வளவு என்று அளப்பதுதான் என் ஆராய்ச்சி. ஏற்கெனவே இரண்டு தலைப்புகள் ஊற்றிக்கொண்டுவிட்டன. இதுவும் போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று என் பேராசிரியர் சொல்லிவிட்டார்.

முதல் முடிவுகள் வந்த அன்று என் கால் தரையில் இல்லை. பதினோரு பேருக்கும் கார்டிசோல் இருக்கிறதா என்றே சந்தேகப்படும் அளவுக்குக் குறைவு. சேற்றில் கால் வைத்தால் கவலை பறந்துவிடும் என்று உலகத்துக்கே சொல்லப்போகிறேன்! பஸ்ஸில் போகும்போதே கட்டுரைக்குத் தலைப்பு வைத்து, பட்டமளிப்பு விழாப் புடவைக்கு நிறமும் முடிவு செய்துவிட்டேன்.

அடுத்த சுற்று எச்சில் எடுக்கப் போனபோது, குழுவை நடத்தும் அக்காவிடம் வாயெல்லாம் பல்லாகச் செய்தியைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. அவருடைய வீட்டுக்காரர் படுக்கையில், மகளுக்கு இன்னும் வரன் அமையவில்லை, முட்டி இரண்டும் போய்விட்டது.

"எனக்குக் கவலையே இல்லன்னு யாரும்மா சொன்னது?" என்றார். நிஜமான கோபம்.

எனக்குச் சுருக்கென்றது. பேச்சை மாற்ற, எச்சில் பிடிக்கும் சின்னக் குழாய்களை எடுத்து வைத்தேன். எல்லோரும் பம்புசெட்டுக்குப் போனார்கள். முதல் தடவையும் போனார்கள். கை கழுவத்தான் என்று நினைத்திருந்தேன். இந்தத் தடவை கூடவே போய்ப் பார்த்தேன். ஒவ்வொருவரும் மூன்று முறை வாய் கொப்புளித்துவிட்டு, அந்த ஈரத்தோடு நேராக வந்து குழாயில் துப்பினார்கள்.

ஏன் என்று கேட்டேன். அக்கா என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"எச்சிய எப்படிம்மா அப்படியே ஒருத்தர் கையில குடுக்கறது? படிச்ச பொண்ணு தொடப்போறியேன்னு சுத்தமாக் குடுத்தோம்."

ஆக, நான் அளந்தது பம்புசெட் தண்ணீரை. வரப்பில் நின்று சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் ஒரு காலைச் சேற்றில் விட்டேன். கொப்புளித்தால் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று என் நோட்டின் முதல் பக்கத்திலேயே இருந்தது. அவர்களிடம் சொல்லத்தான் தோன்றவில்லை.

சொன்னதும், அதற்குள் மறுபடி எச்சில் ஊறிவிடுமே என்று கூச்சப்பட்டார்கள். அதுதான் வேண்டும் என்று கெஞ்சினேன். கூச்சம் தெளியட்டும் என்று நானே முதலில் ஒரு குழாயில் துப்பிக் காட்டினேன். அதுவும் மற்றவற்றோடு பரிசோதனைக்குப் போய்விட்டது.

இந்த முறை அளவுகள் ஒழுங்காக வந்தன. பேராசிரியர் தலையாட்டினார். மூட்டை கட்ட வேண்டியதில்லை. அன்று சாயங்காலமே வயலுக்கு ஓடி, அக்காவுக்குக் கவலை நிறைய இருக்கிறது என்று பரிசோதனையே சொல்லிவிட்டதைச் சொன்னேன். அவருக்கு அப்படி ஒரு திருப்தி. எல்லோரையும்விட யாருக்கு அதிகம் என்று கேட்டார்.

எனக்குத்தான், பதினோரு பேரையும் தாண்டி எங்கோ இருக்கிறது என்றேன்.

நாற்றும் கையுமாக வரிசையே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"நீயும் வாய் கொப்புளிச்சிட்டுக் குடுத்திருக்கலாமேம்மா."