நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரை

என் வாழ்க்கையின் முதல் நோன்பு, அன்று பின்னேரம் அசர் தொழுகை நேரம் வரைக்கும் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. எழுபதுகளின் தொடக்கம். ரமழானும் தீபாவளியும் ஒன்றாக வந்து சேர்ந்த வருடம். பசறையில் எங்கள் புடவைக்கடையில் தேயிலைத் தோட்டத்துச் சனம் நிரம்பி வழிந்தது. எனக்கு ஒன்பது வயது. பசி தெரியாமல் இருக்கட்டும் என்று வாப்பா என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் "மகள் இன்டைக்கி நோம்பு" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார். நானும் வாடிய முகத்தோடு அதை நிரூபித்துக்கொண்டிருந்தேன்.

வாப்பாவுக்கு நெஞ்சில் கோளாறு இருப்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேசுவதுதான் கிடையாது. இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் கொழுப்புப் படிந்து ஒடுங்கிவிட்டன என்று பதுளை டொக்டர் சொல்லியிருந்தார். நெஞ்சு இறுகினால் உடனே உட்கார்ந்து, சின்னக் குப்பியில் இருக்கும் மாத்திரையை விழுங்காமல் நாக்குக்கடியில் வைத்துக் கரையவிட வேண்டும். சிகரெட்டைத் தொடவே கூடாது. வாப்பா இந்தக் கட்டளைகளைத் தன் வசதிக்கு ஏற்றபடி திருத்திக்கொண்டார். பகலெல்லாம் நோன்பு என்பதால் சிகரெட் இல்லை. அதுவே பெரிய வைத்தியம் என்றார். நோன்பு திறந்ததும் முதலில் பேரீச்சம்பழம், அடுத்தது சிகரெட்.

அன்று மேல்தட்டிலிருந்து சீத்தைத் துணிக் கட்டொன்றை இறக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு மெதுவாக முக்காலியில் உட்கார்ந்தார். முகம் சாம்பல் பூத்து, வியர்வை தாடியில் வழிந்தது. துணி பார்த்துக்கொண்டிருந்த தோட்டத்துப் பெண் ஒருத்தி பதறினாள்.

"ஐயோ மொதலாளி, வெளிய மழை பேயுது, ஒங்களுக்கு என்னங்க இப்புடி வேர்க்குது?"

கடையில் கூடவே நின்ற சாச்சா, வாப்பாவின் தம்பி, ஓடி வந்து அவருடைய சட்டைப் பையிலிருந்து குப்பியை எடுத்தார். வாப்பா கையை ஆட்டினார்.

"வாணாம். நோம்பு தொறக்க பாங்கு செல்ல இன்னம் கொஞ்ச நேரம்தானே ஈக்கிது. தாங்க ஏலும்."

"நாக்குக்கடியில வெக்கிறது வயித்துக்குப் போறதில்லயே நானா. நோம்பு முறியாது" என்றார் சாச்சா.

பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் லெப்பையும் சாரம் வாங்க வந்திருந்தார். "உருகினா எச்சிலோட உள்ளுக்குப் போகும். முறியும்" என்றார் அவர்.

சாச்சா விடவில்லை. ஊசி போட்டால் முறியுமா, கண்ணுக்கு மருந்து விட்டால் முறியுமா என்று கேட்டார். லெப்பை ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். வாப்பாவும் நெஞ்சைப் பிடித்தபடி கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நோயாளிக்கு நோன்பை விட அனுமதி உண்டு என்பது அந்த மூன்று பேருக்குமே தெரியும். அதைச் சொன்னால் வாப்பாவை நோயாளி என்று சொல்ல வேண்டிவரும். அதற்கு மட்டும் யாருக்கும் வாய் வரவில்லை. நானோ, சாச்சா தோற்க வேண்டும் என்று அல்லாஹ்விடம் துஆ கேட்டுக்கொண்டிருந்தேன். என் முதல் நோன்பன்று என் வாப்பாவின் நோன்பு முறிவதா?

தோட்டத்துப் பெண்தான் வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினாள். "அம்மா! ஓடியாங்க! மொதலாளிக்கு மூச்சு விட முடியல!"

கடைக்கும் பின்னாலிருந்த வீட்டுக்கும் நடுவில் ஒரு திரை தொங்கியது. கடையில் ஆண்கள் இருக்கும்போது உம்மா அதைத் தாண்டி வந்து நான் கண்டதில்லை. அவருடைய குரல்கூடத் தாண்டாது. அன்று வந்தார். தலையில் முக்காடு இல்லை. லெப்பையை இடித்துக்கொண்டு போய், சாச்சாவின் கையிலிருந்த குப்பியைப் பிடுங்கினார். இடக்கையால் வாப்பாவின் தாடையை அழுத்தித் திறந்து, வலக்கை விரல்களை மாத்திரையோடு வாய்க்குள் செருகினார். வாப்பா தலையை உதறினார். உம்மா அவருடைய தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு அசையாமல் நின்றார்.

வாப்பா நிற்கும்போது உட்காரவே தயங்குகிற என் உம்மாவா இது? பட்டப்பகலில், ரமழானில், லெப்பையின் கண்முன்னால்! பூமி பிளந்துவிடும் என்று நிசமாகவே பயந்து தரையைப் பார்த்தேன்.

"சட்டத்தப் பொறகு பேசுங்க" என்றார் உம்மா, இரண்டு ஆண்களையும் நேருக்கு நேர் பார்த்து. "மொதல்ல வேனொண்டு கொண்டு வாங்க."

உம்மா கையை எடுத்தபோது வாப்பாவின் கண்களிலிருந்து நீர் வழிந்தது. அவர் அழுது நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "என்ட நோம்பப் பாழாக்கிட்டியே" என்று முனகினார். அதைக் கேட்டு நானும் வீறிட்டு அழுதேன்.

பதுளை ஆஸ்பத்திரி விறாந்தையில் உட்கார்ந்திருந்தபோது தூரத்தில் பாங்கு கேட்டது. ஆபத்து நீங்கிவிட்டது என்று டொக்டர் அப்போதுதான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் கோபத்தில் உம்மாவை விட்டு நகர்ந்து உட்கார்ந்தேன். சாச்சா கொண்டுவந்த பிளேன்டீயை உம்மா இடக்கையால் வாங்கிக் குடித்தார். இடக்கையால் குடித்ததற்காக என்னை அடித்தவர்! வலக்கையை மடியில் மறைத்து வைத்திருந்தார். எட்டிப் பார்த்தேன். இரண்டு விரல்கள் கன்றிப்போய் வீங்கியிருந்தன. பற்கள் பதிந்த இடத்தில் தோல் பிய்ந்திருந்தது.

அல்லாஹ் உடனுக்குடன் தண்டித்துவிட்டான் என்று நினைத்தேன். சரியான தண்டனைதான் என்றும் தோன்றியது. வாப்பா கடித்ததுமே விரலை வெளியே இழுத்திருக்கலாம், மாத்திரை கரைந்து முடியும்வரை உம்மா இழுக்கவில்லை என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவே இல்லை.