முகம் தெரிய ஏற்றிய லொறி

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிற்சாலைக்குப் பின்னால் கிடந்த பழைய கொழுந்து லொறியை வாங்கியிருந்தேன். என் அப்பா பிறப்பதற்கு முன்பே ஓடிய லொறி. ட்ரெயிலரில் ஏற்றிப் பதுளைக்குக் கொண்டுவந்து, பழையபடி ஓடவைக்க ஆசை. ஆசையைவிடப் பெருமைதான் அதிகம் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ட்ரெயிலர் வைத்திருந்த சாரதி அதே தோட்டத்துத் தொழிலாளர் லய வீடொன்றில் இருப்பவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். லொறியின் முகம் முன்பக்கம் பார்க்கத்தான் ஏற்றவேண்டும் என்றார். நான் விடவில்லை. மாலை போட்டுச் சூடம் காட்டி அழைத்துப்போகும் லொறியின் முகம் பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியவேண்டாமா? பதுளையில் நண்பர்கள் வேறு போனும் கையுமாகக் காத்திருந்தார்கள்.

"இஞ்சின் பாரம் பின்னுக்குப் போயிரும் தம்பி. எறக்கத்துல ட்ரெயிலர் ஆடும்," என்றார்.

"நான் பொறுப்புண்ணே. ஏத்துங்க," என்றேன்.

சங்கிலிகளை அவரே இறுக்கினார், சக்கரங்களுக்குக் கட்டை வைத்தார். நானோ திருஷ்டிக்கு நல்ல எலுமிச்சம்பழமாக நாலு பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

பசறைக்கு இறங்கும் வளைவுகளில் அவர் சொன்னதுதான் நடந்தது. முதலில் லேசாக ஆடிய ட்ரெயிலர், கொஞ்ச நேரத்தில் அதை இழுத்துப்போன எங்கள் வண்டியையே பிடித்து உலுக்கத் தொடங்கியது. எதிரே பஸ். அவர் பதறாமல், பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து மண்மேட்டோரம் ஒதுக்கினார். பஸ்ஸும் வெட்டித் திரும்பியதில் அதன் சக்கரம் ரோட்டோரத் தண்ணீர்க் காணுக்குள் இறங்கிவிட்டது. மயிரிழையில் தப்பினோம். பஸ்ஸில் ஒரு பெண்ணுக்கு முன் சீட்டில் மோதி உதடு கிழிந்திருந்தது.

இறங்கி வந்தவர்கள் அவரைத்தான் சூழ்ந்துகொண்டார்கள்.

"பாரம் ஏத்தத் தெரியாத ஒனக்கு எதுக்குய்யா ட்ரெயிலரு? புள்ளகுட்டிங்கள கொன்னிருப்பியே!"

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். நான் போனைக் காதில் வைத்து, யாரோடோ பேசுவதுபோல நகர்ந்து போய் நின்றேன். எதிர்முனையில் ஒருவருமில்லை. எழுதும்போதே உடம்பு கூசுகிறது. அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டு, பஸ்ஸைத் தள்ளிவிடத் தோளும் கொடுத்தார்.

பிறகு ஊர்ந்துபோய், கொழுந்து நிறுக்கும் மடுவமொன்றின் முன்னாலிருந்த சமதரையில் லொறியை இறக்கி, முகத்தை முன்பக்கம் திருப்பி ஏற்றினோம். மாலையை நானே கழற்றி வீசினேன். பதுளை வந்து சேர்ந்ததும், "மன்னிச்சிருங்கண்ணே, தப்பு என்னோடது," என்றேன்.

"அது எனக்குத்தான் தெரியுமே தம்பி. பஸ்ஸுல வந்தது பூரா எங்க தோட்டத்து ஆளுங்க. எனக்கு ஹயர் ஓட்டம் குடுக்கிறதே அவங்கதான். அவங்க முன்னால ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல," என்றார். குரலில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

லொறி இப்போது ஜோராக ஓடுகிறது. கல்யாண ஊர்வலங்களுக்குக் கேட்டு வருகிறார்கள். அந்தத் தோட்டத்துக்குப் போய் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டே இருக்கிறேன். என் பெயரைப் போடாமல் இதை இங்கே எழுதுவதும் அதே கோழைத்தனம்தான் என்பது எனக்குத் தெரியும்.